வீணாக்கக் கூடாத குளிசை

வாப்பாவுக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. காலையிலேயே கல்முனைக்குப் போய், அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காத்திருந்து, காசில்லாமல் குளிசை வாங்கி வருவார். பக்கத்து வீட்டு மாமிக்கும் அதே வருத்தம், அதே கிளினிக், அதே குளிசை. நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோதுதான் எல்லாம் குழம்பியது. வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

வாப்பா போனது ஒரு தனியார் டிஸ்பென்சரிக்கு. அங்கே டொக்டரின் மேசைக்கும் மருந்துக் கவுண்டருக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். டொக்டர் மருந்தின் பெயரை எழுத மாட்டார், கம்பனி வைத்த பெயரைத்தான் எழுதுவார். அந்தப் பெயரில் உள்ள குளிசை திரைக்கு அந்தப் பக்கம் தவிர வேறெங்கும் கிடைக்காது. நல்ல ஏற்பாடு! விலையைக் கேட்டால் தலை சுற்றும். எங்கள் வீட்டில் மீன் வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்றாகிவிட்டது.

பிறகு கிளினிக்கில் மறுபடியும் குளிசை கிடைத்தது. வாப்பா அதை வாங்கினார், டிஸ்பென்சரியையும் விடவில்லை. விலை கூடினால் குணமும் கூடும் என்று நம்புகிறவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தானா? மருந்தெல்லாம் எழுதியிருக்கிற கிளினிக் கொப்பியையாவது அந்த டொக்டரிடம் காட்டுங்கள் என்றேன்.

"காசு குடுத்துப் பாக்கிற இடத்தில ஓசிக் கொப்பியக் காட்டுறதா? மானம் போயிரும் புள்ள."

வேறு மருந்து ஏதும் குடிக்கிறாரா என்று டொக்டரும் கேட்கவில்லை.

நோன்பு மாதத்தில் ஒருநாள், பின்னேர அஸர் தொழுகையில், நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதுக்குப் போன வாப்பா எழும்பவில்லை. நீளமாக துஆக் கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் சேர்ட் முழுக்க வியர்வை. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. உடம்பில் சீனி இறங்கிவிட்டது என்று விளங்கியது. புரட்டிப் படுக்க வைத்துச் சீனித் தண்ணீரை வாயருகே கொண்டுபோனேன். அரை நினைவிலும் உதட்டை இறுக்கிக்கொண்டு "நோன்பு, நோன்பு" என்று முனகினார்.

உம்மா கத்தினார்: "குடிங்க! நோன்பப் பிறகு புடிச்சுக் கழாச் செய்யலாம். மனுசனக் கழாச் செய்ய ஏலுமா?"

குடித்தார். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது.

அவருடைய மருந்துப் பையைப் பாயில் கொட்டினேன். கம்பனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருந்தது. கிளினிக் உறையிலும் அதே பெயர். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டோடு இரண்டையும் விழுங்கியிருக்கிறார்.

"சும்மா தாற மருந்த வீசுறதா? வீண்விரயம் ஹறாம் இல்லியா?" என்று என்னையே கேட்டார்.

மறுநாள் டிஸ்பென்சரிக்குப் போய் இரண்டையும் டொக்டரின் மேசையில் வைத்தேன். "அது கவுண்மெண்ட் மருந்து. இது நல்ல மருந்து" என்றார்.

"பேர் ஒண்டுதானே சேர்?"

அவர் அடுத்த ஆளுக்கு மணி அடித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் திரைச்சீலையைப் பிய்த்து எறிந்திருக்க வேண்டும். குளிசைகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் வாப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். "ஓம் புள்ள, இனி ஒண்டுதான் குடிப்பன்." நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து, பின்னேரம், நோன்புக் கஞ்சி கொடுக்கப் பக்கத்து வீட்டு மாமியிடம் போனேன். மாமி வாசலுக்கே வந்து கோப்பையை வாங்கினார்.

"உங்கட வாப்பாக்கு அல்லாஹ் றஹ்மத் செய்யணும் புள்ள. அவருக்குத் தேவையில்லாத கிளினிக் குளிசையெல்லாத்தையும் எனக்கு ஸதக்காவாத் தந்திட்டார்."

"உங்கட குளிசை இருக்கே மாமி? அதையும் குடிக்கிறீங்களா?"

"ஓம் புள்ள. ஒண்டு குடிச்ச இடத்தில இப்ப ரெண்டு. கெதியாச் சுகம் வருமே."

முக்காட்டு நுனியால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது.