கல்குடாவின் நீலக் கூரை

எங்கள் வாவியின் மேல் வீடுகள் நின்றன. ஒன்றிரண்டல்ல, ஒரு குடியேற்றத் திட்டமே நின்றது. எல்லாம் புகைபோக்கி வைத்த வெள்ளைக்காரர் வீடுகள். சுற்றிவரக் குளிர்நாட்டு மரங்கள். வீட்டில் இருந்தபடி கணினியில் விமானம் ஓட்டுகிற சிமுலேட்டரில் மட்டக்களப்பு அப்படித்தான் இருந்தது. உலகம் முழுவதையும் வரைந்தவர்களுக்கு எங்கள் பக்கம் வரும்போது களைத்துப் போயிருக்க வேண்டும். தண்ணீரைத் தரை என்று நினைத்து ஊரையே குடியேற்றிவிட்டார்கள்.

இதை எனக்கு முதலில் காட்டியவர் என் அண்ணன். சிறுவயதில் விமானம் ஓட்ட ஆசைப்பட்டவர், சண்டைக் காலத்தில் லண்டனுக்குப் போய் பஸ் ஓட்டினார். ஓய்ந்த நேரங்களில் வீட்டுக் கராஜில் சிமுலேட்டர் ஓட்டுவார். ஒருநாள் வீடியோ அழைப்பில் திரையை என் பக்கம் திருப்பினார்.

"தங்கச்சி, ஊரைக் கண்டா பயமாக் கிடக்கு. நீ ஒருக்கா இதைச் சரிபண்ணித் தாவன்."

நான் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கலியாண அல்பம் செய்கிறவள். மணப்பெண்ணின் முகப்பருவை அழிப்பது, மாப்பிள்ளையின் வயிற்றைக் குறைப்பது, கலியாணத்துக்கு வராத மாமாவை வெட்டி எடுத்து வரிசையில் ஒட்டுவது, இவைதான் என் தொழில். அல்பம் செய்கிறவளுக்கே கலியாணம் நடக்கவில்லையே என்று கேட்பவர்களிடம், சவப்பெட்டி செய்கிறவன் அதில் படுத்துப் பார்த்துவிட்டா விற்கிறான் என்று திருப்பிக் கேட்பேன். என் வாய் அப்படி. ஊரில் பாதிப் பேர் அதற்குப் பயந்துதான் என்னோடு மரியாதையாக இருக்கிறார்கள்.

அண்ணா ஒரு நல்ல கணினியை அனுப்பினார். சனிக்கிழமைகளில் அவர் சொல்லச் சொல்ல நான் பழகினேன். முதல் வேலை வாவியின் கரையை வளைவு வளைவாகக் கோடிட்டு, இது தண்ணீர் என்று அந்தச் சிமுலேட்டருக்குப் புரியவைப்பது. வேலை முடிந்து மறுபடி திறந்தபோது புகைபோக்கி வீடுகள் எல்லாம் காணாமல் போயிருந்தன. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அதன் பிறகு, தரைக்கு விரிக்க வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படங்கள். ஒரு துண்டு மாரியில் எடுத்தது, பக்கத்துத் துண்டு கோடையில் எடுத்தது. ஒரே வயல் வட்டையில் பாதி பச்சைப் பயிராகவும் பாதி அறுத்துக் காய்ந்த தாளாகவும் கத்தியால் வெட்டினாற்போல் கிடந்தது. முகத்துக்கு மாப் பூசிக் கழுத்தை மறந்துவிட்ட மணப்பெண்கள் எத்தனை பேரைப் பார்த்தவள் நான்! இரண்டு நிறத்தையும் இழுத்துச் சேர்த்தேன்.

கட்டடங்களுக்கு நேரில்தான் போக வேண்டும். முன்னாலும் பக்கவாட்டிலும் படம் எடுத்து, அதைக் கணினியில் சுவராக ஒட்ட வேண்டும். போயா விடுமுறை நாட்களில் ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவேன். அமிர்தகழியில் கோயில் கோபுரத்தை நான் சுற்றிச் சுற்றிப் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா கிட்ட வந்தார்.

"றோட்டை அகலிக்கப் போறாங்களா மகள்? எங்கட மதிலை மட்டும் விட்டிரச் சொல்லுங்க."

கணினியில் விமானம் ஓட்டுவதற்காக என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. மதிலின் நீளத்தை அவரே அடியெடுத்து வைத்து எனக்குக் காட்டினார்.

இவ்வளவு பாடும் எதற்கென்று கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறேன். அண்ணாவை வீட்டுக்கு வரவைக்கத்தான். போனவர் போனவர்தான். முதலில் விசா கிடைக்கவில்லை, அது கிடைத்தபோது லீவு கிடைக்கவில்லை, அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குப் பள்ளிச் சோதனை. அப்பாவின் அடக்கத்தைப் போனில் பார்த்து அழுதார். அம்மா ஒவ்வொரு செவ்வாயும் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி அந்தோனியாரைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தா. கண்ணில் காட்டிக்கொண்டே இருந்தால் கால் தானாக வரும் என்பது என் கணக்கு. அதனால் எங்கள் வீட்டைத்தான் எல்லாவற்றிலும் கவனமாகச் செய்தேன். மேலே பறக்கிறவருக்குத் தெரியாது என்று தெரிந்தும் கிணற்றடியில் அம்மாவின் உடுப்புக் கொடியைக் கட்டினேன். முதல் தரம் அதன் மேல் பறந்தபோது அண்ணா திரும்பி இன்னொரு வட்டம் அடித்தார். பிறகு ஹெட்போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"முழுக்க முடி தங்கச்சி. முடிஞ்ச கையோட நான் வாறன். நீ செஞ்சது சரியா எண்டு உண்மையான பிளேன்ல இருந்து பாப்பம்."

அந்த ஒரு சொல்லுக்காக வடக்கே ஏறாவூர், வாழைச்சேனை என்று கரையோரமாக வாகரையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் அம்மா கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொள்ளுவா. அண்ணா லண்டனில் இருந்து ஓட்டுகிற விமானம் எங்கள் திரையிலும் தெரியும். வாவிக்கு மேலே சின்னதாக, வெள்ளையாக வரும். "அந்தா வாறான்" என்று அம்மா சொல்லுவா. அது எங்கள் ஓடுபாதையில் இறங்கும் வரைக்கும் தேத்தண்ணியில் கை வைக்க மாட்டா.

கல்குடாவை முடித்து அனுப்பிய கிழமை அண்ணாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. கடற்கரையில் நான் பழைய படமொன்றைப் பார்த்து வைத்திருந்த ஒரு ஹோட்டலின் கூரை பிழையாம். அது ஓலை இல்லை, நீலத் தகரமாம். பின்பக்கம் ஒரு தண்ணீர்த் தாங்கியும் இருக்கிறதாம். அங்கே இருந்துகொண்டு இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறாரே என்று எனக்குப் பெருமைதான். அடுத்த போயாவுக்குக் கல்குடா போனேன். கூரை நீலமாகத்தான் இருந்தது. தாங்கியும் இருந்தது.

ஹோட்டலைப் பார்த்துக்கொள்கிறவர் நல்ல மனிதர். படம் எடுக்க விட்டார்.

"இந்தக் கூரை கிட்டடியிலதான் போட்டது. நாங்க இன்னும் ஒரு இடத்திலயும் படம் போடல்ல" என்றார்.

"லண்டனில இருக்கிற எங்கட அண்ணனுக்கே தெரிஞ்சிருக்கு" என்று நான் பீற்றிக்கொண்டேன்.

"லண்டன் ஆள் ஒருத்தர் போன மாசம் குடும்பத்தோட வந்து நிண்டவர். அவரும் உங்களப்போலத்தான். மேல ஏறி நாலு பக்கமும் படம் எடுத்தவர். கம்பியூட்டர்ல பிளேன் ஓட்டுறவராம்."

கமெராவைக் கையில் எடுத்து, கூரையை நாலு பக்கமும் எடுத்து முடித்தேன். வந்த வேலையை விட்டுவிட்டுப் போகத் தெரியாத பிறவி. அண்ணாவும் அதே பிறவிதான். ஊருக்கே தெரியாமல் வந்து போனவருக்கு, ஒரு கூரை பிழையாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

வாழைச்சேனைச் சந்தியில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அழைத்தேன்.

"அண்ணா, கல்குடாவுக்கு வந்தீங்களா?"

"ஆர் சொன்னது?"

"கூரை சொன்னது."

அண்ணா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ரெண்டு மூணு நாள்தான் தங்கச்சி. பிள்ளைகளுக்குக் கடல் பாக்க ஆசை. வீட்ட வந்தா நீங்க அழுவீங்க, சனம் கூடும், பிள்ளைகள் மிரண்டிருவாங்க. அடுத்த தரம் கட்டாயம் வாறன். அம்மாட்டச் சொல்லிப்போடாத. அவ தாங்கமாட்டா."

வீட்டிலிருந்து கல்குடா ஒரு பஸ் தூரம். அந்தப் பஸ்ஸில் ஏற மனமில்லாதவருக்காக நான் ஒவ்வொரு கூரையாக ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஊரைக் காட்டினால் வருவார் என்று நினைத்தேன். வந்தார், பார்த்தார், ஊர் போதும் என்று போய்விட்டார். ஊருக்கே பதில் சொல்லுகிறவள் அன்று "சரி அண்ணா" என்று போனை வைத்தேன். வெட்கமாக இருந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மாவுக்காக என் கோபத்தை விழுங்கினேன். செவ்வாய்க்கிழமை மெழுகுதிரிக்கு அம்மா கிளம்பினால் ஸ்கூட்டரில் நானே கொண்டுபோய் விட்டேன். "அண்ணனுக்கு லீவு குடுக்கிறாங்களாமா?" என்று கேட்டால், "கேட்டிருக்காராம் அம்மா" என்று வாய் கூசாமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வழமைபோலக் கணினியைத் திறந்தேன். அம்மா சிரித்துக்கொண்டு அந்த வெள்ளை விமானத்தைப் பார்க்க, நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கிழவியை ஏமாற்ற அவருக்கு எப்படி மனம் வந்தது என்று உள்ளுக்குள் எரிந்தது. கூரையை மட்டும் நீலமாக மாற்றியிருந்தேன். பிழையான கூரை பிழையான கூரைதானே.

மாற்றிய கூரையைப் பார்க்க ஒரு ஞாயிறு அண்ணா கல்குடாப் பக்கம் தாழப் பறந்தார். அம்மா கதிரையில் முன்னுக்குச் சாய்ந்தா.

"எங்க புள்ள, அந்தப் படியைக் காணல்ல?"

"எந்தப் படி?"

"அந்த நீலக் கூரைக்கு முன்னால, கடலுக்கு இறங்குற படி. பாசி புடிச்சு வழுக்கும். நான் விழப் பாத்து, அவன்தான் கையப் புடிச்சி..."

அம்மா அவசரமாகத் தேத்தண்ணியை எடுத்தா. ஹெட்போனில் அண்ணா காற்றைப் பற்றி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். கழற்றி மேசையில் வைத்தேன்.

"எப்ப போனீங்க அம்மா?"

"சின்னம்மா வீட்டுக்கெண்டு போனனே, அப்ப. அவன் அங்க வேன் அனுப்பினவன். பேரப்பிள்ளைகளை நானும் பாக்கத்தானே வேணும்."

அன்று அம்மா உடுத்திப் போன சீலையை இஸ்திரி போட்டுக் கொடுத்தது நான். பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டதும் நான். சின்னம்மா அன்று மாலை போனில் "அம்மா குளிக்கிறா" என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அப்படியென்றால் அம்மாவிடம் சொல்லாதே என்று அண்ணா கெஞ்சியதும் பொய். பிடிபட்டு உண்மையைச் சொல்லும்போதே அதற்குள் இன்னொரு பொய்யை வைத்திருக்கிறார். அந்தப் பொய்யைத்தான் நான் இத்தனை கிழமை காவல் காத்தேன். மற்றவர்கள் செய்தால் கூட இருந்தே குழி பறித்தார்கள் என்று சொல்லலாம். பெற்ற தாயை என்னவென்று சொல்வது?

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"உன்ட வாய்க்குப் பயந்துதான் புள்ள. அவன்ட பொஞ்சாதிக்கு முன்னால நீ ஏதும் கேட்டுப்போட்டா அவன் பொறகு இந்தப் பக்கமே வரமாட்டான். எனக்கு இன்னும் எத்தின காலம் கிடக்கு, சொல்லு?"

அம்மாவின் பயத்தில் நியாயம் இருந்தது. அதுதான் கூடுதலாகச் சுட்டது. அப்பாவைத் தூக்கிக் குளிப்பாட்டியவள் நான். அம்மாவின் கண்ணுக்கு மருந்து விடுகிறவள் நான். அம்மா, அண்ணா, சின்னம்மா மூவரும் கூடி, என்னை வெளியில் விட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் அம்மா சொன்னது சரியாகிவிடும். அதனால் ஒன்றை மட்டும் கேட்டேன்.

"என்னைக் கேட்டாரா?"

அம்மாவின் முகம் வெளித்தது. எனக்கு ஆறுதல் சொல்ல ஒரு வழி கிடைத்துவிட்ட சந்தோஷம்.

"கேட்டான் புள்ள. கேக்காம இருப்பானா? வந்து இருந்ததும் முதல் கேட்டதே உன்னைத்தான். வாகரைப் பக்கத்தை எப்ப முடிப்பாள் எண்டு கேட்டான்."