சுவரோரம் நிறுத்தி எடுத்த படம்

இந்தத் தோட்டத்தில் நான் போனைத் தூக்கினால் ஆட்கள் முதுகைக் காட்டுகிறார்கள். என் மகன் கவின் காலையில் தடிகாவுக்கு, அதாவது பாலர் பள்ளிக்கு, கிளம்புகிற அழகைப் பார்க்கவேண்டும். சட்டை பாதி வெளியே, ஒரு சப்பாத்து காலில், இன்னொன்று நாய் வாயில். அதை எடுக்கலாமென்று வாசலில் நின்று போனை உயர்த்துவேன். அந்த நேரம் பார்த்து, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை அறுக்கப் போகிற பங்களாதேஷ் ஆட்கள் எதிர்ப்பாதையில் வருவார்கள். போனைக் கண்டதும் ஒருவர் துண்டால் முகத்தை மூடுவார், இன்னொருவர் திரும்பி நின்று மரத்தை ஆராய்வார். வந்த புதிதில் அவர்களில் ஒருவர் அருகில் வந்து, "காக், ஜங்கான் காம்பார்" என்றார் மலாயில். அக்கா, படம் வேண்டாம் என்கிறார். நான் என் பிள்ளையைக் காட்டி, மகனைத்தான் எடுக்கிறேன் என்று தமிழிலும் சைகையிலும் விளக்கினேன். அவர் பயந்துபோய் வேலை பெர்மிட்டை எடுத்து நீட்டினார். நான் மன்னிப்புக் கேட்பதாக நினைத்துக் கும்பிட்டேன், அவர் இன்னும் பயந்துவிட்டார்.

மணப்பாறைப் பக்கம் எங்கள் ஊரில் இது தலைகீழ். ஆட்டுக்குட்டியை எடுக்கப் போனைத் தூக்கினாலும் தெருவே வந்து நின்றுவிடும். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, "எனக்கும் ஒன்னு எடு" என்பார்கள். அங்கே படம் என்பது நீ இருக்கிறாய் என்பதற்குச் சாட்சி. இங்கே படம் என்றால், நீ இருக்கிறாய் என்று யாரோ எங்கேயோ போய்ச் சொல்லப்போகிறார்கள் என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. என் வீட்டுக்குள்ளேயே இதே கணக்கு ஓடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இன்னும் கொஞ்ச காலம் ஆனது.

என் கணவர் குணாவுக்குக் கோலா பிலா பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையில் மெக்கானிக் வேலை. இந்த ஊர்த் தோட்டத்திலேயே பிறந்தவர். அவருடைய அக்கா லெட்சுமி அண்ணியும் எங்களோடு இதே வீட்டில்தான் இருக்கிறார். தாயில்லாத தம்பியை வளர்த்தவர், அந்த வேலையில் கல்யாணத்தை மறந்துவிட்டவர். சிரம்பானில் கையுறைத் தொழிற்சாலைக்கு பஸ்ஸில் போய் வருகிறார். கவினும் இரண்டு வயது இனியாவும் அவரைக் கண்டால் என்னை விட்டுவிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, மறைத்து என்ன ஆகப்போகிறது.

நான் படம் எடுப்பது என் அம்மாவுக்காக. பேரப்பிள்ளைகளை அவர் மடியில் வைத்துப் பார்த்ததில்லை. அதனால் குளியல், சோறு, சண்டை, மூக்கு ஒழுகல் எல்லாவற்றையும் அனுப்பிவைக்கிறேன். பிறந்தநாள் படம் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். அன்றாடத்தை அனுப்பினால்தான் ஒரு பிள்ளை வளர்வது தெரியும் என்பது என் கட்சி. அம்மாவும் அதற்கேற்ற ஆள்தான். "மைலோ டம்ளரு பெருசா இருக்கே, சக்கரை எவ்ளோ போடுற?" என்று படத்துக்குப் படம் விசாரணை வைப்பார். அந்தப் பக்கம் அவர் விசாரிக்க, இந்தப் பக்கம் அண்ணி விசாரிப்பார்.

"எதுக்கு மலரு இவ்ளோ படம் புடிக்கிறே?"

"அம்மாவுக்கு அனுப்பத்தான் அண்ணி."

"மைலோ குடிக்கிறதயுமா?"

"ஆமா."

"சும்மா சும்மா புடிக்கமாட்டாங்க லா," என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவார். அந்தப் பேச்சுக்குப் பின்னால் மூன்றாம் வீட்டு மாரியப்பன் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தமிழ்நாட்டிலிருந்துதான் பெண் வந்தாள். ஊர்த் திருவிழா பார்த்துவிட்டு வருகிறேன் என்று மகனோடு விமானம் ஏறியவள் திரும்பவே இல்லை. பையனுடைய சின்ன சைக்கிள் இன்றும் அவர் வீட்டு முன்சுவரில் ஆணியில் தொங்குகிறது. நான் இங்கே வந்திறங்கிய வாரத்திலேயே இந்தக் கதையை எனக்குச் சொல்லாதவர் இல்லை. சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் ஏன் போனாள் என்பதை மட்டும் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. கேட்டால் நானும் போகத் திட்டம் போடுகிறேன் என்றாகிவிடும் என்று நானும் கேட்டதில்லை.

இந்த நிலையில்தான் என் தம்பி செந்தில் போன் செய்தான். ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு அவனும் கூட்டாளிகளும் பிளக்ஸ் அடிக்கிறார்கள். அம்மன் படம் நடுவில், இளைஞர்கள் ஓரத்தில், கீழே வரிசையாகத் தெருப் பிள்ளைகளின் முகங்கள். "நம்ம புள்ளைங்க மொகமும் வரணும்க்கா. தாய்மாமன் நான் இருக்கப்ப வராம இருந்தா நல்லாவா இருக்கு?" என்றான். நீ அனுப்புகிற படமெல்லாம் ஆடிக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருக்கிறது, பிளக்ஸ் கடைக்காரருக்கு வெட்டி ஒட்டத் தோதான படம் வேண்டும் என்றான். வெள்ளைச் சுவர், நேர்ப்பார்வை, நிழல் விழக்கூடாது, இரண்டு காதும் தெரியவேண்டும், கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை அழித்துவிட வேண்டும், அச்சில் அது மச்சமாகிவிடும்.

பொட்டு அண்ணியின் இலாகா. அவர் இருக்கும்போது அழிக்க முடியாது. ஆகவே அவர் வேலைக்குப் போன ஒரு நாள் பகலில், சாமி படத்தைக் கழற்றிக் கூடத்துச் சுவரை வெறுமையாக்கி, பிள்ளைகளுக்கு முகம் துடைத்து, பொட்டை அழித்து, சுவரோரம் நிறுத்தினேன். கவின் போலீஸ்காரன் போல நின்றான். இனியா நிற்கவே இல்லை. நிமிர்த்தினால் உட்கார்ந்தாள், உட்கார்த்தினால் படுத்தாள். நான் அவளோடு போராடிக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது. தொழிற்சாலையில் மின்சாரம் போய்விட்டதாம், அண்ணி சீக்கிரமே வந்துவிட்டார். வெறும் சுவரைப் பார்த்தார், பொட்டில்லாத கன்னங்களைப் பார்த்தார், என் கையிலிருந்த போனைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் பையை வைத்துவிட்டு, சாமி படத்தை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினார். நானும் வாயைத் திறக்கவில்லை. திருட்டுத்தனமாகப் பொட்டை அழித்த வெட்கம் எனக்கு.

ஒரு வாரம் கழித்து என் விசா புதுப்பிக்கும் வேலைக்காக பாஸ்போர்ட்டைத் தேடினேன். எனக்கு இந்த நாட்டில் இருப்பே அவ்வப்போது புதுப்பிக்கிற ஒரு முத்திரையில்தான். அலமாரியில் பிஸ்கட் டின்னுக்குள் எங்கள் நான்கு பேர் பாஸ்போர்ட்டும் இருக்கும். திறந்தால் கணவருடைய சிவப்பு இருந்தது, என்னுடைய நீலம் இருந்தது. பிள்ளைகளுடைய சிவப்பு இரண்டும் இல்லை. நீ போவதாக இருந்தால் போ, பிள்ளைகள் இங்கே இருக்கும் என்று யாரோ வாயைத் திறக்காமலே சொல்லிவிட்டது போல இருந்தது.

கணவரிடம் கேட்டேன். "அக்கா எங்கயாச்சும் எடுத்து வச்சிருப்பாங்க, பத்திரமா இருக்கட்டுமேன்னு," என்றார், சோற்றிலிருந்து தலையை எடுக்காமல். எதிலிருந்து பத்திரம் என்று கேட்டதற்கு, கறி நன்றாயிருக்கிறது என்றார். அவருக்கும் தெரியும் என்று முடிவு கட்டினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அந்த நாட்களில் எனக்கு உப்பு ஜாடி இடம் மாறியிருந்தாலும் அதில் ஒரு சூழ்ச்சி தெரிந்தது. அம்மாவிடம் சொன்னேனே, அது அடுத்த தப்பு. "மொதல்ல ஒன் பாஸ்போட்ட துணிக்கு அடியில வையி," என்று ஆரம்பித்து, தெரிந்த வக்கீல் வரைக்கும் போய்விட்டார்.

அப்போதுதான் அண்ணியைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவரும் படம் எடுக்கிறார். நேராக எடுப்பதில்லை. போனில் மணி பார்ப்பது போல இடுப்புயரத்தில் பிடித்துக்கொண்டு, கவின் சோற்றைச் சிந்துவதை, இனியா என் காலைக் கட்டிக்கொண்டு அழுவதை எடுக்கிறார். நான் பார்த்தால் போன் பைக்குள் போய்விடும். எனக்குப் புரிந்துவிட்டது, புரிந்துவிட்டதாக நினைத்தேன். பிள்ளைகளை நான் சரியாக வளர்க்கவில்லை என்று நாளைக்கு கோர்ட்டில் காட்ட ஆதாரம் சேர்க்கிறார். அதற்குப் பிறகு பிள்ளைகள் அழுதால் ஓடிப்போய்த் தூக்கினேன். சிந்திய சோற்றை, அவர் போன் எழும்புவதற்குள் துடைத்தேன். பெற்ற பிள்ளையை என் வீட்டிலேயே பயந்து பயந்து கொஞ்சினேன். அதைப் போல ஒரு களைப்பு எனக்கு வேறு எந்த வேலையிலும் வந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அது உடைந்தது. அண்ணி சமையலறைத் தரையில் உட்கார்ந்து காய்ந்த நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணி, புள்ளைங்க பாஸ்போர்ட்டு எங்க?"

"என்கிட்டதான் இருக்கு."

ஒளிக்கவே இல்லை. அதுவே எனக்கு ஒரு அடி மாதிரி இருந்தது.

"ஏன் எடுத்தீங்க?"

"செவுத்துல நிக்க வச்சி வீசா படம் எடுத்தியே, ஏன்?" என்றார். "நான் காசிக்குப் போறப்ப பிலா ஸ்டூடியோவுல எனக்கும் அப்படித்தான் எடுத்தான். வெள்ளச் செவுரு, காது தெரியணும், நேரா பாக்கணும். நான் இல்லாத நேரமா பாத்து எடுக்குறே. பொட்டயும் அழிச்சிட்டே. எனக்கு மூள இல்லன்னு நெனச்சியா?"

திருவிழா, செந்தில், பிளக்ஸ் என்று கொட்டினேன். அவர் நம்பவில்லை. நெத்திலித் தலைகளை ஒருபக்கமாக ஒதுக்கிவிட்டுக் கேட்டார்.

"ஒங்க ஊருல சாமி திருவிழாவுக்குப் புள்ளைங்க மூஞ்சிய ரோட்டுல கட்டுவாங்களா?"

"கட்டுவாங்க அண்ணி. எல்லார் வீட்டுப் புள்ளையும் இருக்கும்."

"இங்க ரோட்டுல புள்ள படத்த ஒட்டுனா, காணாம போன புள்ளன்னு அர்த்தம்."

போன வருடத்து பிளக்ஸைப் போனில் தேடிக் காட்டினேன். மீசைக்காரர்கள் வரிசையையும், கீழே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிற கைப்பிள்ளைகளையும் அவர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இதுல யாரு லா மந்திரி?" என்றார். ஒருத்தரும் இல்லை, எல்லாரும் என் தம்பியின் கூட்டாளிகள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே அழ ஆரம்பித்தார், நெத்திலிக் கையோடு கண்ணைத் துடைக்க முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டார்.

"மாரியப்பன்கிட்ட அந்தப் பையன் படம் ஒன்னுதான் இருக்கு. அதுவும் பொறந்தநாள் படம், கேக்குக்குப் பின்னால தல மட்டும் தெரியும். நீ போயிட்டீன்னா எனக்கு என்னா இருக்கும்? அதான் நானும் புடிச்சேன்."

கையைக் கழுவிவிட்டுத் தன் போனை என்னிடம் கொடுத்தார். நான் ஆதாரம் என்று நினைத்ததெல்லாம் அதில் இருந்தது. என் படங்களில் பிள்ளைகள் பாதி நேரம் ஓரமாக எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள், யாரைப் பார்க்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அவர் படங்களில் அதே பிள்ளைகள் நேராகப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நான் நிற்கிறேன். முக்கால்வாசிப் படங்களில் என் முகம் இருக்கவேண்டிய இடத்தில் என் போன் இருக்கிறது. இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் நான் வாழ்ந்ததற்குப் படச்சாட்சி என்று தேடினால், அது என்னைச் சந்தேகப்பட்டவரின் போனில்தான் கிடைக்கும். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, அது அந்த இடத்தில் போகவில்லை. ஆனால் அதோடு சேர்ந்து வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலமே படம் எடுத்தோம். சாமி படத்தை அண்ணியே கழற்றினார். பொட்டை மட்டும் அழிக்க விடவில்லை. "ரோட்டுல நிக்கப்போற மூஞ்சி, அங்கதான் கண்ணு அதிகம் படும்," என்றார், அது நியாயமாகப் பட்டது. இனியா வழக்கம்போல மடங்கி விழுந்தாள். அண்ணி சுவரோரம் சாய்ந்து, படச் சட்டத்துக்கு வெளியே நின்று, ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அவள் நின்றாள். கடைக்காரரிடம் அந்தக் கையை வெட்டிவிடச் சொல் என்று செந்திலுக்குச் சொல்லி அனுப்பினேன்.

பாஸ்போர்ட்டுகள் மறுநாளே பிஸ்கட் டின்னுக்குத் திரும்பிவிட்டன. அதற்காக எல்லாம் சுபம் என்று ஊரில் யாரும் நினைக்கவேண்டாம். அலமாரிப் பக்கம் போகும்போதெல்லாம் நான் அந்த மூடியைத் திறந்து பார்த்துக்கொள்கிறேன். அண்ணியும் பார்க்கிறார், மூடியில் சில நாள் மாவுக்கை பட்ட தடம் இருக்கிறது. முன்பெல்லாம் நெம்பித் திறக்கவேண்டிய டின் இப்போது தொட்டாலே திறந்துகொள்கிறது.

திருவிழா அன்று செந்தில் பிளக்ஸின் படத்தை அனுப்பினான். எங்கள் தெருமுனையில், மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே கட்டியிருந்தார்கள். அந்த மண்ணை மிதித்தே இராத என் பிள்ளைகள் இருவரும் கன்னத்தில் பொட்டோடு, முன்வரிசையில், அம்மனுக்குக் கீழே நிற்கிறார்கள். கடைக்காரர் அண்ணியின் கையை வெட்டியிருந்தார், ஆனால் தோளோடு ஒட்டியிருந்த விரல்களை எடுக்க முடியவில்லை போலும். இனியாவின் தோளில், சட்டை மடிப்பின்மேல், ஆளில்லாமல் நான்கு விரல்கள் பிடித்துக்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரத்தில் அம்மா கூப்பிட்டார், ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் மேளச் சத்தம் கேட்டது. தெருவே நின்று பார்க்கிறதாம், எல்லாரும் கேட்கிறார்களாம்.

"ஏ மலரு, பாப்பா தோள்ல கை இருக்கே, அது யாரு கையி?"

அண்ணி பக்கத்தில்தான் இனியாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். ஊட்டுவதை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக் கைதாம்மா," என்றேன்.