எட்டுச் சாதிக்காய்

எனக்கு இதுவரை மூன்று முறை மாரடைப்பு வந்திருக்கிறது. மூன்றையும் ஒரு வைத்தியராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. முதலாவது, நான் வேலை செய்கிற கச்சேரிக் கந்தோரில் கணக்காய்வுக்கு ஆட்கள் வந்த கிழமை. வாயு என்றார்கள். இரண்டாவது, கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் பணப்பை தொலைந்தபோது. பணப்பை மற்றப் பொக்கற்றில் இருந்தது. மாரடைப்பும் அத்தோடு போய்விட்டது. மூன்றாவது, பல்லேகலயில் கிரிக்கெட் பார்க்கப் போன இடத்தில், கடைசி ஓவரில். அதற்கு வாயு என்ற மரியாதைகூடக் கிடைக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

"என்ர மனுசனுக்குச் சாவு வந்தால் நான் உடன நம்பமாட்டன். ரெண்டு நாள் வைச்சுப் பார்த்துத்தான் அழுவன்" என்று மனைவி வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லுவாள்.

நான்காவது தடவையையும் இந்த வரிசையில் சேர்த்து, ஒரு நாள் கந்தோரில் பகிடியாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் முகம் கழுவப் போய்க் கனநேரம் திரும்பி வரவில்லை. ஆகையால் அதை நடந்தபடியே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் உண்மையான நெஞ்சு வருத்தக்காரி என் மனைவிதான். சின்ன வயதில், யாழ்ப்பாணத்தில் மருந்து எடுக்கப் போகவும் பாதையில்லாத நாட்களில் வந்த காய்ச்சல் ஒன்று அவளுடைய இருதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. ஐம்பதை நெருங்கும்போதுதான் அது தலைகாட்டியது. கிளினிக் வைத்தியர் சொன்ன விளக்கம் எனக்குப் பாடம். வாசல் ஒடுக்கம். இருதயம் ஆறுதலாக அடித்தால் இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடந்து போகும். ஓடத் தொடங்கினால் வாசலில் நெரிசல்; நெரிசல் பின்னுக்குத் திரும்பி நுரையீரலில் தண்ணீராக நிற்கும். அவளுடைய நெஞ்சை ஓடவிடக்கூடாது. சத்திரசிகிச்சை நடக்கும்வரை வீட்டில் நாங்கள் கவனிக்கவேண்டியது அவ்வளவுதான்.

அந்தச் சத்திரசிகிச்சைக்குப் பதினான்கு மாதம் காத்திருந்தோம். கடைசியில் கடிதம் வந்தது. வருகிற புதன்கிழமை காலை எட்டு மணிக்கு வார்டில் நிற்கவேண்டும். அவள் அதை நான்காக மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்தாள், பிறகு எடுத்து விரித்தாள், திரும்ப மடித்தாள்.

"வெட்டுறதுக்கு முதல் எனக்கொரு டோனட் தின்னவேணும்" என்றாள் வியாழக்கிழமை.

டவுனில் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் அவளுக்குப் பிடித்த டோனட் இருந்தது. ஆனால் எண்ணெயில் பொரித்தது எதுவும் ஆகாது என்று கிளினிக்கில் எழுதியே கொடுத்திருந்தார்கள். நான் விடுவேனா? பொரிக்காமல் ஓவனில் சுட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதுவரை நான் அந்த ஓவனில் சுட்டிருந்தது ஒரேயொரு தடவை, அதுவும் கையை.

நாங்கள் இருப்பது கலகெதரைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில். வீதியிலிருந்து முப்பத்தெட்டுப் படி கீழே இறங்கவேண்டும். படியோரத்தில் ஒரு பெரிய சாதிக்காய் மரம். யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மா ஒரு சாதிக்காயைப் பஞ்சில் சுற்றி வைத்திருப்பா. நித்திரை கொள்ளாத பிள்ளைக்குக் கல்லில் இரண்டு உரை உரைத்து நாக்கில் தடவுவா. அந்த ஒரு காயில் நாங்கள் ஐந்து பேர் வளர்ந்தோம். அப்படிப்பட்டவன் கண்டிக்கு மாற்றலாகி வந்து, வாசலில் சாதிக்காய் தானாக வெடித்து விழுவதைப் பார்த்தால் என்ன ஆவான்? வீட்டுக்காரர் "பொறுக்கி எடுங்க" என்று சொன்ன நாளிலிருந்து நான் ஒரு காயையும் விட்டதில்லை. காயவைத்து, கோது உடைத்து, போத்தல் போத்தலாக அடைத்து வைத்தேன். விற்கவும் தெரியாது, தின்னவும் தெரியாது. பணக்காரன் என்ற எண்ணம் மட்டும் இருந்தது.

சனிக்கிழமை காலையில் தொடங்கினேன். போனில் ஒரு வெள்ளைக்காரி செய்து காட்டினாள். மா, முட்டை, பால், சீனி, ஈஸ்ட், கறுவாத் தூள். சாதிக்காயில் ஒரு சிட்டிகை. இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினாள்.

"பாவம், அவளின்ர வளவில மரமில்லை" என்றேன்.

எட்டுக் காய் எடுத்தேன். மிக்சியில் அரைத்தேன். ஆறு காய்த் தூள் மாவுக்குள் போனது. மிச்சம் மேலே ஊற்றுகிற சீனிப்பாகுக்கு. மா பொங்கிய பிறகு தேத்தண்ணிக் கோப்பையால் வட்டம் வெட்டி, இருமல் மருந்துப் போத்தல் மூடியால் நடுவில் ஓட்டை போட்டேன். பன்னிரண்டு டோனட். ஓவன் கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருந்து, அவை உப்பி நிறம் மாறுவதைப் பார்த்தேன். பதினொரு மணிக்குச் சூட்டோடு பாகை ஊற்றினேன்.

அவள் ஒன்றைக் கடித்தாள். "நல்லாயிருக்கு. கொஞ்சம் கைக்குதோ?"

"நல்ல சாமான் எண்டால் கைக்கும். இந்தாரும், இன்னும் கொஞ்சம் பாகு."

அவள் இரண்டு தின்றாள். நான் நான்கு. மிச்சம் ஆறையும் பக்கத்து வீட்டுக்குப் பின்னேரம் கொடுக்கலாம் என்று தட்டை மூடி வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் முச்சக்கரவண்டி ஓட்டுகிற முஸ்லிம் மனிதர். அவசரம் ஆத்திரத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவோம்.

மூன்று மணிபோல எனக்கு வாய் காய்ந்தது. தண்ணீர் குடித்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. பிறகு என் கை எனக்குத் தூரமாகத் தெரிந்தது. வேறு யாரோ ஒருவருடைய கை என் மடியில் கிடப்பது போல. நெஞ்சு இடிக்கத் தொடங்கியது. முந்திய மூன்றும் ஒத்திகை, இதுதான் நாடகம் என்று விளங்கிவிட்டது.

நான் அமைதியாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். கதிரையோடு விழுந்தேன். "ஐயோ, போறன், போறன்" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, என்னைத் தோளில் சாய்த்துப் படியேற்றினார். மனைவி பின்னால் வந்தாள். என்னுடைய அடையாள அட்டை, என்னுடைய கண்ணாடி, என்னுடைய தண்ணீர்ப் போத்தல், குடை எல்லாம் அவள் கையில். அவளுடைய கிளினிக் கொப்பி அலுமாரியில் கிடந்தது.

அந்த முப்பத்தெட்டுப் படியில் அவள் மூன்று இடத்தில் நின்றுதான் வழக்கமாக ஏறுவாள். மரத்தைப் பார்ப்பது போல ஒரு முறை, கொடியில் காயும் உடுப்பைப் பார்ப்பது போல ஒரு முறை, சும்மா ஒரு முறை. அன்றைக்கு ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நான் கத்திக்கொண்டு போனேனே.

முச்சக்கரவண்டிக்குள் நான் கடைசி வார்த்தைகளைச் சொல்லத் தொடங்கினேன்.

"பென்சன் போம் அலுமாரியின்ர மேல் லாச்சிக்குள்ள. என்ர சைக்கிளைத் தம்பியாருக்குக் குடுக்காதையும், அவன் வித்துப்போடுவான்."

"கதையாதேங்கோ" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

"சேர், உங்கட சாமிட பேரச் செல்லிக்கிட்டு வாங்க. ரோட்டு நான் பாத்துக்குறன்" என்றார் முன்னாலிருந்தவர்.

பெரியாஸ்பத்திரியில் என்னைக் கண்டதும் படுக்கையில் ஏற்றினார்கள். அவ்வளவு சத்தம் போடுகிறவனை வேறு எங்கே வைப்பது? நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். தாதி நல்ல பெண். என் மனைவியின் முகத்தை ஒரு முறை பார்த்தாள். சிங்களத்தில் என்னிடம் கேட்டாள், நோனாவுக்கும் ஏதும் சுகமில்லையா என்று. மனைவி வாய் திறப்பதற்குள் நான் படுக்கையிலிருந்து பதில் சொன்னேன். அவவுக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான்.

இதைச் சிங்களத்தில் பிழையில்லாமல் சொன்னேன். இருபது வருடக் கச்சேரிச் சிங்களம்.

தாதி மனைவியை வெளியே கிடந்த நீள மர வாங்கில் இருக்கச் சொன்னாள். அவள் போனாள்.

டொக்டர் வந்தார். மகள் வயதுப் பெண், மலையகத்துத் தமிழ். மெசின் தந்த கடதாசியை நீட்டிப் பார்த்தார். "வேகமா அடிக்குது, ஆனா அட்டாக் இல்லங்க. இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"டோனட்."

"கடையிலயா?"

"நான் சுட்டது. கறுவா, சாதிக்காய் எல்லாம் போட்டு."

என் செருப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற முச்சக்கரவண்டிக்காரர் நிமிர்ந்தார். "சாதிக்காய் எவ்வளவு போட்டீங்க சேர்?"

"எட்டு."

"எட்டுத் துண்டா?"

"எட்டுக் காய்."

"யா அல்லாஹ்! எங்கட வீட்டுக் கலியாணத்துல நூறு பேருட புரியாணிச் சட்டிக்கே ரெண்டு காய் தான் சேர். கூடப் போட்டா போதை. வாப்பா அத வீட்டுல வெச்சிக்கவே விடமாட்டார்."

டொக்டர் சிரிக்கப் பார்த்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன். சாகவில்லை, வெறும் சாதிக்காய். இந்தக் கதையை இனி எத்தனை கலியாண வீட்டில் சொல்லலாம் என்று அந்தக் கணத்தில் நினைத்தேன். அதை மறைத்து எழுதினால் இதை எழுதவே தேவையில்லை.

"வேற யாரு சாப்பிட்டாங்க?" என்றார் டொக்டர்.

வாய் திறந்தேன். வாசலுக்கு அப்பால் வாங்கு தெரிந்தது. அவள் முன்னுக்குக் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றியிருந்தாள். என் கண்ணாடியும் குடையும் கீழே கிடந்தன. உதடு நாவல்பழ நிறம். வாயில் பொத்திப் பிடித்திருந்த லேஞ்சித் துணியில் இளஞ்சிவப்பு நுரை.

"அவவுக்கு வால்வு..." என்றேன். டொக்டர் அதற்குள் ஓடிவிட்டார். நானும் ஓடப்போய், வயர்களோடு மெசினையும் இழுத்துக்கொண்டு விழுந்தேன். இந்த முறை ஒருவரும் என்னைத் தூக்க வரவில்லை. எல்லாரும் அவளிடம் நின்றார்கள்.

கிளினிக் கொப்பி கேட்டார்கள். எடுத்துவர வீட்டுக்குப் போனேன். டோனட் தட்டின் மூடியைத் திறந்து பார்த்தேன். ஆறு டோனட்டும் பாகு இறுகி, கடையில் வாங்கியது போலப் பளபளவென்று இருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன. மறுநாள் குழி தோண்டிப் போட்டேன், சாதிக்காய்ப் போத்தல்களையும் சேர்த்து.

அவள் பிழைத்தாள். ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். அந்த ஐந்தாவது நாள்தான் புதன்கிழமை. இருதயம் தாளம் தப்பி அடிக்கிறது, நுரையீரல் தெளியவேண்டும், இப்போது வெட்ட முடியாது என்றார்கள். அவளுடைய இடத்துக்கு வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அது நியாயம். கட்டிலைச் சும்மா விடுவார்களா?

அன்று பத்து மணிக்கு என்னை ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். எனக்கு வேறென்ன தெரியும்? பகிடிதான் விட்டேன். "பாரும், போறன் போறன் எண்டு கத்தினது நான், மாட்டுப்பட்டது நீர்" என்றேன்.

அவள் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டாள்.

"நீங்கள் சனிக்கிழமை செத்திருந்தாலும், நான் இண்டைக்கு எட்டு மணிக்கு வந்து படுத்திருப்பன்" என்றாள். "செத்தவீட்டை மற்ற ஆக்கள் பார்த்திருப்பினம்."

நான் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து நிமிடம் முடிந்தது என்று தாதி வந்து சொன்னாள்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. புதுத் திகதி வரவில்லை. மூன்று தலையணை வைத்து, இருந்த வாக்கில் நித்திரை கொள்கிறாள். படியில் இப்போது மூன்று இடம் போதாது.

வீட்டுக்கு வந்த பிறகு வந்த முதல் கிளினிக் நாளன்று நான் காற்சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றேன். அவள் கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நீங்கள் வரவேண்டாம்" என்றாள்.

"தனியப் போவீரோ?"

"பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டோவில கொண்டுபோய் விடுவார். அவங்கள் கேக்கிறதுக்கு நான் சொல்லுறன்."

கோபமாகச் சொல்லவில்லை. குடை வேண்டாம், மழை இல்லை என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அப்படித்தான். கந்தோரில் லீவு போட்டுவிட்டு நான் வீட்டில் இருப்பேன். சமைத்து வைப்பேன்: சோறு, பருப்பு, ஒரு கீரை. வாசனைச் சாமான் எதுவும் போடுவதில்லை.

போன கிழமையும் போய்வந்தாள். மதியம் முச்சக்கரவண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். அவள் மேலே நின்றாள். படியிறங்கவும் இப்போது அவளுக்கு மூச்சு வேண்டும். பத்துப் படி இறங்கி, மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மேலே போகக் கால் எடுத்தேன். கையை நீட்டி, வேண்டாம் என்று காட்டினாள். அப்படியே நின்றேன். என் நெஞ்சு இடித்த இடியைக் கேட்டிருந்தால் வீதியில் போன பஸ்ஸே நின்றிருக்கும். ஒருவரையும் கூப்பிடவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பத்து நிமிடம் சென்று வந்து சேர்ந்தாள். கதிரையில் இருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்தாள்.

"திகதி?" என்றேன்.

"தை மாசத்துக்குப் பிறகு பாப்பமாம்" என்றாள். "சோத்தைப் போடுங்கோ."