ஆடித் தள்ளுபடியில் நட்ட முடி

1. படியில் உட்கார்ந்திருந்தவர்

ஆவணி பிறந்து பத்தாம் நாள். தி.நகரில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் ஹேர் டிரான்ஸ்பிளான்ட் கிளினிக். காலையில் நான் பூட்டைத் திறக்கப் போனபோது, தொப்பி போட்ட ஒருவர் படியில் உட்கார்ந்திருந்தார். பெயர் தாமு. திருவல்லிக்கேணியில் ஹெல்மெட் கடை வைத்திருக்கிறார். ஐந்து வாரத்துக்கு முன் ஆடித் தள்ளுபடியில் வந்தவர். அவர் பின்மண்டையிலிருந்து வேரோடு முடி எடுத்து முன்மண்டையில் நட்டது சீனியர் டெக்னீஷியனான நானும் என் டீமும்தான். டாக்டர் வந்தார், மார்க்கரால் நெற்றியில் கோடு போட்டார், ஊசியால் துளை போட்டார், போனார். மிச்ச ஏழு மணி நேரமும் நாங்கள்தான்.

தாமு தொப்பியைக் கழற்றினார். நட்டதில் முக்கால்வாசி இல்லை. கொட்டியதை டிஷ்யூ பேப்பரில் மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"இன்னாக்கா இது, கொட்டிக்கினே கீது. பத்து நாள்ல கல்யாணம்க்கா. பொண்ணு வூட்டுக்குப் பழைய போட்டோதான் குடுத்துக்கீறோம்."

நாலு வீட்டில் அவரை நேரில் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாவது வீட்டுக்கு அவர் அம்மா ஆறு வருஷத்துப் பழைய போட்டோவை அனுப்பிவிட்டார். பெண் பார்க்கப் போன அன்று தாமு மண்டையில் கறுப்பு ஹேர் பவுடர் தூவிக்கொண்டு, ஃபேனுக்கு நேராக உட்காராமல் சமாளித்திருக்கிறார். இப்போது மணமேடையில் உட்கார வேண்டும். இந்த இடமும் போய்விட்டால் வேறு இடம் பார்க்க அம்மாவுக்குத் தெம்பில்லை என்றார்.

2. முடிக்கு ஆடி கிடையாது

எங்கள் மேனேஜர் இதற்கு முன் பட்டுப்புடவைக் கடையில் ஃப்ளோர் சூப்பர்வைசராக இருந்தவர். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆவணியில் வரிசையாக முகூர்த்தம். எனவே மாப்பிள்ளைகளை ஆடியில் பிடி என்பது அவர் கண்டுபிடிப்பு. வாசலில் பேனர் கட்டினார். கூட்டமும் வந்தது. புடவைக்கு அது சரி. ஆடியில் வாங்கிய புடவை ஆவணியில் உதிராது.

முடிக்கு வேறு காலண்டர். ஒவ்வொரு முடியும் சில வருஷம் வளரும், அது அனாஜன். இரண்டு மூன்று வாரம் ஓயும், கேட்டஜன். பிறகு மூன்று மாதம் போல வேர் தூங்கும், டீலோஜன். பிடுங்கி வேறு இடத்தில் நட்டால் வேர் அதிர்ந்துபோய் நேராகத் தூங்கப் போகும். இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் மேலே இருக்கும் முடி கொட்டிவிடும். மூன்று நான்கு மாதம் கழித்துத்தான் புதிதாக முளைக்கும். முழுசாகத் தெரிய ஒரு வருஷம் ஆகும். அதாவது, ஆடியில் நட்டால் கச்சிதமாக முகூர்த்தத்துக்குக் கொட்டும்.

இது எனக்குத் தெரியும். தாமுவிடம் மேனேஜர் "கல்யாணத்துக்குள்ள செட்டில் ஆயிடும்" என்று சொன்னபோது நான் பக்கத்தில் தட்டோடு நின்றிருந்தேன். டெக்னீஷியன் கஸ்டமரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் கிளினிக் ரூல். நானும் ரொம்ப ஒழுங்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

3. ஒட்டு முடி

மேனேஜர் பதினொரு மணிக்கு வந்தார். மண்டையைப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூடக் கலங்கவில்லை. ஹேர் பேட்ச், அதாவது பசை வைத்து ஒட்டும் முடி, கம்பெனி செலவிலேயே வைத்துத் தருகிறோம் என்று ஆரம்பித்தார். ஏதோ புடவைக்கு ஜாக்கெட் பிட் இலவசம் என்கிற தோரணை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நட்டு ஐந்து வாரம்தான் ஆகிறது, பசையைப் போட்டுப் பிய்த்தால் தூங்குகிற வேருக்கும் ஆபத்து என்று தாமுவிடமே சொன்னேன். வேர் உள்ளே இருக்கிறது, முளைக்கும், ஆனால் கல்யாணத்துக்கு முளைக்காது என்றேன். இதை ஆடியிலேயே சொல்லாதது என் தப்பு என்றும் சொன்னேன்.

"சிஸ்டர், நீங்க உள்ள போங்க," என்றார் மேனேஜர். நான் போகவில்லை.

தாமு போனை எடுத்து, கல்யாணப் பெண் சங்கீதாவுக்கு வீடியோ கால் போட்டு, தலையைக் குனிந்து காட்டினார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியுமே. என் தம்பிக்கு வாங்க உங்க கடைக்கு வந்தப்போ, ஹெல்மெட்டைப் போட்டுக் கழட்டிக் காட்டுனீங்களே. பொண்ணு பாக்க வந்தன்னிக்கு அந்தப் பவுடர் காலரெல்லாம் கொட்டிக்கினு இருந்துச்சு. எங்கம்மா அதைப் பொடுகுன்னு நெனச்சிச்சு."

பொடுகு எங்கேயாவது கறுப்பாக இருக்குமா? தாமு அழுதாரா சிரித்தாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

4. பிஃபோர், ஆஃப்டர்

அடுத்த ஆடி. தாமுவுக்கு நன்றாகவே முளைத்திருந்தது. மேனேஜர் அவரை ஆஃப்டர் போட்டோ எடுக்கக் கூப்பிட்டிருந்தார். பிஃபோருக்கு, தாமு ஆசையாக வாட்ஸப்பில் அனுப்பியிருந்த கல்யாணப் போட்டோவை வெட்டிப் பெரிதாக்கி ரிசப்ஷன் சுவரில் மாட்டியிருந்தார். வழுக்கை, மாலை, வாயெல்லாம் பல்.

கூடவே சங்கீதாவும் வந்திருந்தாள். சுவரைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"சார், இது நான் கட்டிக்கினவரு. இதுக்குக் கீழ பிஃபோர்னு போடாதீங்க. கழட்டுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். ஆஃப்டர் போட்டோ எடுக்காமலே போய்விட்டார்கள்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எத்தனை கிராஃப்ட், அதாவது எத்தனை வேர் நடுவது, என்று பேசுவதற்கு முன், முகூர்த்தம் எப்போது என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால், கொட்டும் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். அந்த ஆடிக்கு ஒரு கேஸ் குறையும். மேனேஜர் முறைப்பார், முறைக்கட்டும். நான் சொல்லாததால்தான் ஒரு மனுஷன் தன் முடியை டிஷ்யூ பேப்பரில் மடித்துக்கொண்டு எங்கள் படியில் உட்கார்ந்திருந்தான்.