மேல்பண்ணையில் புதைத்த பெயர்

என் கணவரின் தாய்வழி நோர்வே வம்சத்தில் பெயருக்குப் பெரும் பஞ்சம். பாட்டனுக்கு என்ன பெயரோ அதுதான் பேரனுக்கு. பக்கத்துப் பண்ணைக்காரனுக்கும் அதே பெயர், அவனுடைய பேரனுக்கும் அதே. உலகத்தில் உங்களுக்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்து வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். அந்தப் பெயர் என்ன என்று இங்கே எழுதமாட்டேன். எங்கள் மகனுக்கும் அதைத்தான் வைத்திருந்தோம்.

அவன் ஐந்து வயதில், லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பார்க்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது விழுந்தான். பிள்ளைகள் விழுவதும் எழும்புவதும்தானே என்று நான் பெஞ்சிலேயே இருந்தேன். அவன் எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் உடலை வெட்டிப் பார்த்தார்கள். இதயம் வடிவாக இருந்ததாம், ஒரு குறையும் இல்லையாம். வடிவான இதயம் ஏன் நின்றது என்று கேட்டேன். 

அவன் போனபோது நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. அடுத்தது மகள். அவள் பிறந்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் மருத்துவமனையில் எல்லோருடைய மரபணுவையும் பார்த்தார்கள். மகனிடமிருந்து எடுத்து வைத்திருந்த இரத்தத்தில் ஓர் இடத்தில் சின்ன மாற்றம் இருந்தது. அதே மாற்றம் என் கணவரிடமும் இருந்தது, அவருடைய தாயிடமும் இருந்தது. இரண்டு பேரும் ஒரு தலையிடி காய்ச்சல்கூட இல்லாமல் திரிகிறவர்கள். மகளிடமும் இருந்தது.

அந்த மாற்றம்தான் மகனைக் கொன்றதா, இல்லை சும்மா கிடக்கிற ஒன்றா என்று டாக்டருக்குச் சொல்லத் தெரியவில்லை. இதயத்தைக் காக்க ஒரு குளிசை உண்டு. ஆனால் மகளுக்கு இழுப்பு, ஆஸ்துமா. அந்தக் குளிசை அவளுடைய மூச்சை அடைக்கக்கூடும். மற்றது இதயம் தடுமாறினால் அதிர்ச்சி கொடுத்து ஓடவைக்க நெஞ்சுக்குள் வைக்கிற கருவி. அதை நிச்சயம் தெரியாமல் ஒரு சின்னப் பிள்ளைக்கு வைக்க அவர்கள் தயாரில்லை. அதே இரத்தத்தில் இன்னும் ஆட்கள் கிடைத்தால், அவர்களில் யாராவது இளவயதில் திடீரென்று போயிருந்தால், அப்போது தீர்மானிக்கலாம் என்றார் டாக்டர். அதுவரைக்கும் கவனமாக இருக்கச் சொன்னார். என்ன கவனம்? அவள் மாடிப்படியில் நின்று மூச்சு வாங்கினால் அது இழுப்பா இதயமா என்று எனக்கு எப்படித் தெரியும்? விளையாட்டை நிறுத்திப் பிடித்து இழுத்து நெஞ்சில் காது வைப்பேன். அவள் கூச்சத்தில் சிரிப்பாள். எனக்கு அழுகை வரும்.

அந்த இரத்தம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் தெரியும். என் மாமி, அதாவது கணவரின் தாய், லண்டனில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். அவருடைய தகப்பன் நோர்வேக் கப்பற்காரர். இங்கே துறைமுகத்தில் இறங்கி, ஒரு லண்டன் பெண்ணைக் கட்டி, மாமி சிறுமியாக இருக்கும்போதே ஆற்றில் குளிக்கப் போய் மூழ்கிப்போனவர். கப்பற்காரன் ஆற்றில் மூழ்கினான் என்றால் குடிதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். மாமியின் தாய்வழி ஆட்களைச் சோதித்ததில் அந்த மாற்றம் இல்லை, ஆகவே அது இவர் வழியாகத்தான் வந்திருக்கவேண்டும். அவருக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, அவருடைய தகப்பனுக்கும் இல்லை. ஆகவே அவருடைய பாட்டனைக் கண்டுபிடித்து, அந்தப் பாட்டனின் சகோதரர்கள் வழியாகக் கீழே இறங்கி இன்றைக்கு உயிரோடு இருக்கிறவர்களிடம் வரவேண்டும். அவர்களுடைய ஊர்த் தேவாலயச் சபையின் பழைய பதிவேடுகளை இன்டர்நெட்டில் யாரும் பார்க்கலாம். நான் லீவு போட்டுவிட்டு அதற்கு முன்னால் குந்தினேன்.

தொடக்கத்தில் எனக்குத் திமிர்தான். என் கணவர் குழம்பிப்போனார். ஒருவனுடைய குடும்பப் பெயர் ஏன் அவனுடைய மகனுக்கு இல்லை என்று அவருக்கு விளங்கவேயில்லை. அட, இது எங்கட முறைதானே என்று நான் சிரித்தேன். நாங்களும் தகப்பன் பெயரைத்தான் எங்கள் பெயரோடு வைத்துக்கொள்கிறோம். உங்களுக்குத்தான் லண்டன்காரன் குடும்பப் பெயரென்று ஒரு வால் ஒட்டிவிட்டான், உங்கள் முப்பாட்டன் எங்கள் ஊர் ஆள் என்று பகிடி பண்ணினேன். பெயருக்குப் பின்னால் வந்த பண்ணைப் பெயரும் எனக்குச் சிக்கலாகத் தெரியவில்லை. ஒருவன் பெண் எடுத்த பண்ணைக்குக் குடிபோனால் அடுத்த வருடம் அந்தப் பண்ணையின் பெயரோடு வருவான். அதுவும் பிடிபட்டது. கோழி கிளறின மாதிரிக் கிடந்த பழைய எழுத்துக்கூட மெல்ல மெல்லப் பழகியது.

இப்படி ஏறி ஏறிக் கப்பற்காரரின் பாட்டனிடம் வந்தேன். பெயர் தெரியும், அவனுடைய தகப்பன் பெயர் தெரியும், ஏறத்தாழ எந்த வருடங்களில் பிறந்திருப்பான் என்று தெரியும். அதே பெயரும் அதே தகப்பன் பெயரும் உள்ள இரண்டு ஆண்பிள்ளைகள் அந்தச் சபையில் இருந்தார்கள். ஒருவன் மலைப்பக்கத்து மேல்பண்ணை. மற்றவன் தண்ணீரோரத்துக் கீழ்ப்பண்ணை. தகப்பன்மார் இரண்டு பேருக்கும் ஒரே பெயர்.

மேல்பண்ணைப் பிள்ளையை முதலில் தேடினேன். ஞானஸ்நானம் இருந்தது. சாவுப் பக்கத்தில் திரும்பவும் அதே பெயர் வந்தது, அதே தகப்பன், அதே பண்ணை. சின்னப் பிள்ளை, புதைத்திருக்கிறார்கள். என் மகனுடைய பெயர் அந்தக் கோணல் எழுத்தில், பக்கத்தில் சாவுக்குறியோடு நின்றது. நான் கம்ப்யூட்டரை அடித்து மூடிவிட்டு எழும்பிப் போய்க் கழுவின பாத்திரங்களையே திரும்பக் கழுவினேன். மேல்பண்ணைப் பிள்ளை செத்துவிட்டான், ஆகவே எங்களுடையவன் கீழ்ப்பண்ணைக்காரன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்தப் பக்கத்தை நான் பிறகு திறக்கவில்லை.

என் தங்கச்சி நோர்வேயில் இருக்கிறாள். ஊரில் சண்டை நடந்த காலத்தில் இயக்கமும் ஆமியும் துரத்த வீட்டில் ஆளுக்கொரு திசையாகப் போனபோது எனக்கு லண்டன் விழுந்தது, அவளுக்கு அந்தக் குளிர். கீழ்ப்பண்ணை ஆட்களை அவள்தான் தேடிப்போய்க் கதைத்தாள். நல்ல சனம். கோப்பி கொடுத்து, கேக் வெட்டி, லண்டனில் எங்களுக்குத் தமிழ்ச் சொந்தமா என்று வாயைப் பிளந்து சந்தோஷப்பட்டார்களாம். அந்தப் பாட்டனின் மூன்று சகோதரர் கிளைகளிலும் ஆட்கள் மரபணுச் சோதனைக்கு எச்சில் கொடுத்தார்கள். நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். அந்த மாதங்களை எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் எடுக்கமுன்னமே செருப்பை மாட்டிவிடுவேன்.

ஒருவரிடமும் அந்த மாற்றம் இல்லை. அதைவிட மோசம், இவர்களுக்கும் உங்கள் கணவருக்கும் இரத்த உறவே இல்லைப்போல இருக்கிறது என்றார் டாக்டர். மெதுவாகத்தான் சொன்னார். தங்கச்சியும் போனில் அதையேதான் சொன்னாள்.

"அக்கா, இது அத்தானின்ர ஆக்கள் இல்லை. விட்டிடு. உன்னாலை இனி ஏலாது."

என் கணவரும் விடு என்றார். நான் கத்தினேன். உங்கட சனத்தின்ர இரத்தம்தானே என்ரை பிள்ளையளைத் தின்னுது, உங்களுக்கு என்ன, விடு எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ என்று வாயில் வந்ததெல்லாம் கொட்டினேன். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். வீடு வெறிச்சென்று கிடந்தது. கடவுளே, இனி எங்கே போவேன் என்று நிலத்தில் இருந்து அழுதேன்.

அன்றைக்குத்தான் மூடின அந்தப் பக்கத்தைத் திறந்தேன். தேடுவதற்காக இல்லை. தேட என்ன இருக்கிறது, எல்லாம் முடிந்தது. அந்தப் பெயரைப் பார்க்கவேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். லண்டனில் அந்தப் பெயரை எனக்கு முன்னால் ஒருவரும் சொல்வதில்லை, சொல்லவிட்டால்தானே. அங்கே அது எழுதிக் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அந்தத் தாய்க்கு என்ன நடந்திருக்கும் என்று யோசனை வந்தது. பிள்ளையைப் புதைத்துவிட்டுப் பண்ணைக்குத் திரும்பி நடந்தவள், பிறகு எப்படி இருந்தாள்? இன்னொரு பிள்ளை பிறந்ததா? அவளுடைய பெயரைப் பிடித்துக்கொண்டு ஞானஸ்நானப் பக்கங்களைப் பார்த்தேன்.

பிறந்தது. அடுத்த பனிக்காலத்தில். அதே மேல்பண்ணை, அதே தகப்பன், அதே தாய். ஆண்பிள்ளை. அந்தப் பிள்ளைக்கும் அதே பெயர்.

முதலில் எனக்கு வந்தது கோபம். இவளெல்லாம் ஒரு தாயா? மண் காயமுன்னம் செத்த பிள்ளையின் பெயரை எடுத்து அடுத்ததுக்குப் போடுகிறாளே, இவளுக்கு நெஞ்சு இருக்கிறதா? எங்கள் ஆட்களில் யாராவது இப்படிச் செய்வார்களா?  விளக்குக்கு முன்னால் வைத்த படத்துக்குரிய பெயர் அது, தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு ஆகாது.

இதே கோபம் எனக்கு முன்பும் ஒரு தடவை வந்திருக்கிறது. மகன் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று எங்களுக்குத் தெரியாது. மாமி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, ஆண் என்றால் அதே பெயரை வைக்கலாம் என்றார். நான் கையை உதறிவிட்டு அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். அந்த நாளிலிருந்து மாமியோடு எனக்கு முகம் கொடுத்துக் கதையில்லை. ஏதும் சொல்வதென்றால் கணவர் மூலம்தான். கல் மனசுக்காரி என்று தங்கச்சியிடம் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்; இந்தத் தாய் செய்ததைத்தான் மாமியும் என்னிடம் கேட்டிருக்கிறார். இந்தத் தாயும் கல் மனசுக்காரி இல்லை, மாமியும் இல்லை. இது அவர்களுடைய முறை. செத்த பிள்ளையின் பெயரைக் கீழே விடமாட்டார்கள். அடுத்த பிள்ளை அதைத் தூக்கிக்கொள்ளவேண்டும். மேல்பண்ணையில் ஒருவன் செத்தான், அதே பெயரில் இன்னொருவன் வாழ்ந்தான். கப்பற்காரரின் பாட்டன் இவன். இவனை நான்தான் என் கையால் புதைத்துவிட்டுக் கீழ்ப்பண்ணைக்கு ஓடியிருக்கிறேன்.

தங்கச்சிக்குப் போன் பண்ணினேன். ஓம் அக்கா, நான் வேலை செய்யிற இடத்திலை ஒரு அம்மாக்கு அவவின்ர செத்த தமக்கையின்ர பேர் எண்டு சொன்னவ, எனக்கு இது யோசனையில் வரயில்லை என்று அவளும் அழுதாள். கிழமை முடிவில் மேல்பண்ணைப் பக்கம் காரை எடுத்துக்கொண்டு போனாள். அதே பெயரில் வாழ்ந்தவனின் தம்பி வழியில் ஒரு கிழவர் இருந்தார். தங்கச்சி விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதுமே அவர் கையைக் காட்டி நிறுத்தினாராம். எங்கள் வீட்டில் ஒருவரும் நீந்தக்கூடாது, அது பழைய சட்டம் என்றாராம். தண்ணீரில் போனவர்கள், ஓடும்போது போனவர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தாராம். அவருடைய தம்பி மகளை அங்கே ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். நோய் இன்னதென்று கண்டுபிடித்து, கருவியும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் அனுமதி கொடுக்க, அந்த ஆஸ்பத்திரி எங்கள் ஆஸ்பத்திரிக்கு எழுதியது.

அதே மாற்றம். அதே இடம்.

சந்தோஷம் என்று சொல்லமுடியாது. இனி மகளுக்கு இந்த இதய வருத்தம் இருக்கலாம் என்பதில்லை, இருக்கிறது. கருவி வைப்பதற்கு நாள் கொடுத்தார்கள். அதுவரைக்கும் நீச்சல் இல்லை, ஓட்டம் இல்லை. அவள் தன்னுடைய நீச்சல் உடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குள் இருந்த பயம் ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை.

கருவி வைக்கமுன்னம் எல்லோரையும் டாக்டர் ஒருமுறை கூப்பிட்டார். மாமியும் வந்திருந்தார். அவருடைய கோட்டை நான் வாங்கிக் கொளுவினேன்.  டாக்டர் பெரிய தாளில் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், அந்த மாற்றம் உள்ளவர்களுக்குப் பாதி கறுப்பு. இறந்தவர்களுக்கு மேல் ஒரு சரிவுக் கோடு. மேல்பண்ணைக்காரனில் தொடங்கி, கப்பற்காரருக்கு வந்து, அவருக்குக் கோடு போட்டார். பெயர் கேட்டுக் கேட்டு எழுதினார். கடைசி வரிசையில் ஒரு சதுரம் போட்டு, அதன் மேல் கோடும் போட்டுவிட்டு, மகனுடைய பெயர் என்ன என்று கேட்டார்.

என் கணவர் என்னைப் பார்த்தார்.  நான் மாமியின் பக்கம் திரும்பி, அது உங்கள் தகப்பனுடைய பெயர்தானே, நீங்களே சொல்லுங்கோ என்றேன். அத்தனை வருடத்துக்குப் பிறகு நான் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது.

மாமி தலையை ஆட்டினார். "இல்லை. அவன் உன்னுடைய பிள்ளை. நீ சொல்லு."

சொன்னேன். டாக்டர் எழுதினார். பிறகு பக்கத்தில் மகளுக்கு ஒரு வட்டம் போட்டு, பாதியைக் கறுப்பாக்கினார். பேனை அந்த வட்டத்துக்கு மேலே ஒரு கணம் நின்றது. நான் மாமியின் கையைப் பிடித்திருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. டாக்டர் கோடு போடாமல் பேனையை மூடி வைத்தார்.