பிரேமலதா தேடிய வெளிச்சம்

வரதய்யபாளையத்தில் கூலி வேலைக்குப் போகிற ஏழுமலையின் மூத்த மகள் பிரேமலதா, திருப்பதியில் வானியற்பியல் ஆராய்ச்சி மாணவி. நியூட்ரான் விண்மீனும் கருந்துளையும் மோதி ஒன்றாகும்போது வெளிச்சம் வருமா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. விண்மீன் சிதறினால் வெளிச்சம் வரும். கருந்துளை அதை முழுசாக விழுங்கிவிட்டால் ஒன்றும் வராது. அவள் சேர்ந்து ஐந்து வருடமாகிறது. இதுவரை ஒன்றும் சிக்கவில்லை.

தங்கையின் நிச்சயதார்த்தத்தன்று காலை போனில் அறிவிப்பு வந்தது. விண்வெளி மோதல்களில் எழுகிற ஈர்ப்பலை ஒன்று பதிவாகியிருக்கிறது, அவள் தேடுகிற மோதலாக இருக்கலாம். தொலைநோக்கி அனுப்பும் படங்களை அலசுகிற கணினி திருப்பதியில் இருந்தது. ஊரில் நெட்டும் நிற்காது. பிரேமலதா பையை எடுத்தாள்.

"மாப்ள வூட்டுக்காரங்க வந்துக்கினு இருக்காங்க. இப்ப எங்கம்மா கெளம்புற?" என்றார் ஏழுமலை.

"அந்த வெளிச்சம் ரெண்டு மூணு நாள்ல மங்கிடும் நைனா. இன்னிக்கே தேடணும்."

"போட்டோலகூட நிக்க மாட்டியாக்கா?" என்று கேட்டாள் தங்கை. பிரேமலதா செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

பஸ் ஸ்ரீகாளஹஸ்தியைத் தாண்டும்போது அடுத்த செய்தி வந்தது. முந்தைய அறிவிப்பு திரும்பப் பெறப்படுகிறது; அது கருவியில் எழுந்த வெறும் இரைச்சல். அழுகையைவிடக் கோபம்தான் முட்டியது. யார் மேல் கோபப்படுவது? இறங்கி, எதிர் பஸ் பிடித்து அவள் வீடு சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தங்கை முகம் கொடுத்துப் பேசவில்லை.

சில மாதம் கழித்து நிஜமான அறிவிப்பே வந்தது. வானமும் தெளிவாக இருந்தது. புதுப் படங்களைப் பழைய படங்களோடு ஒப்பிட்டு, கண் எரிய எரியத் தேடினாள். புதிதாக ஒரு புள்ளிகூட இல்லை.

"நம்ம தொலைநோக்கிக்குத் தெரியற அளவுக்குப் பிரகாசமா எதுவும் இல்லன்னு எழுதும்மா. அதுவும் ரிசல்ட்டுதான்," என்றார் வழிகாட்டி நாகேந்திரன்.

"ஒவ்வொரு தடவையும் அதையேதான் எழுதறேன் சார்."

"ஏம் சேஸ்தாம்மா, என்ன பண்றது! வராதத நாம வரவழைக்க முடியுமா?"

எழுதினாள். கட்டுரை வெளியானது. ஆய்வேட்டுக்கு இது போதும் என்றார்கள். ஏழுமலை சந்தோஷமாகப் போன் செய்து, "என்னாம்மா கண்டுபுடிச்ச?" என்று கேட்டார்.

"ஒண்ணும் தெரியலன்னு கண்டுபுடிச்சேன் நைனா."

"ஒண்ணும் தெரியலன்னாகூட டாக்டர் பட்டம் குடுப்பாங்களா?" அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள், அடுத்த பருவத்துக்குத் தொலைநோக்கி நேரம் கேட்டு விண்ணப்பித்தாள்.