கோரமண்டல் ரயிலடியில் மீந்த அப்பம்

மதிப்பிற்குரிய ஐயா,

கோரமண்டல் ரயிலடியில் அமர்ந்து, எங்கள் புராட்டஸ்டன்ட் ஆலய இராப்போஜனத்தில் மீந்த அப்பத்தைச் சிலுவை தைத்த துணியிலிருந்து எடுத்து உண்ணத் தொடங்குகிறேன். ஜெபமாலை அணிந்த கத்தோலிக்க மாது ஒருத்தி கண்கொட்டாமல் நோக்குகிறாள். குற்றம் தேடுகிறாளோ என்று ஐயுறுகிறேன்.

“இன்னாங்க ஐயா, சாமி ஒடம்பைப் பலகாரமாட்டம் துன்றீங்க? தங்கச் சுரங்க ஷாஃப்ட்ல வேலை செய்யற உங்க சபைப் பையன் எம் பொண்ணைக் கேக்குறான். எப்படிக் குடுக்கிறது?”

“அம்மா, இது கர்த்தரை நினைவுகூரும் அடையாளம். ஆராதனை முடிந்தால் வெறும் அப்பமே.”

“வெறும் அப்பம்னா, அதோ படுத்திருக்கிற நாய்க்கு ஒரு துண்டு போடுங்களேன்.”

இது கண்ணியென்று அறிகிறேன். எங்கள் போதனைப்படி போடத் தடையில்லை. ஆயினும் கை எழவில்லை. அப்பத்தைத் துணியில் முடிகிறேன்.

அவள் முகம் மலர்கிறது. “சரிங்க ஐயா. பொண்ணைக் குடுக்கறேன்.”

இதை எங்கள் போதகரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆதலால் எங்கள் சபைக்கு வெளியே உள்ள நண்பராகிய தாங்களே இக்குறிப்பைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.